இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாய் வளர்க்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் நான்காவது மாடியில் வாடகை ஃப்ளாட். இருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நாள் போகிறது, ஆரம்பித்த எந்த ஹாபியும் நிலைக்கவில்லை, ஒரு நாய் இருந்தால் எல்லாம் மாறுமா என்கிறார் கணவர். ஹஸ்கி பிடித்திருக்கிறதாம். "கடைசியில் நான்தான் பார்க்க வேண்டியிருக்கும்" என்கிறார் மனைவி.

உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்வியில் விவரம் தெரிந்து பேசியிருப்பது அவர்தான். ஆசைப்பட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வருவது ஒருவர், ஆறு மாதம் கழித்து அதன் மலம் அள்ளுவது இன்னொருவர் என்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துப்போம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். காலையில் யார் கீழே கூட்டிப்போவது, இரவு யார், சாப்பாடு யார், ஊசி போட லீவு எடுப்பது யார், மழை நாளில் யார் என்று ஒரு தாளில் பெயர் போட்டு எழுதுங்கள். ஆசை உங்களுடையது என்பதால் பெரும்பாலான வரிகளில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். எழுதும்போதே பேனா தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது நேரக் கணக்கு. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கித்தான் கழிக்கும். அதனால் நான்கைந்து மணி நேரம் தனியாக இருப்பது அதற்குப் பெரிய கஷ்டமில்லை, பழகிய நாய் ஆறு மணி நேரம்கூடத் தாங்கும். ஆனால் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஆபீஸ் போய்வருவது என்றால் பத்து, பதினொரு மணி நேரம். அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு உயிர் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை. இரண்டு மாதக் குட்டி என்றால் கணக்கே வேறு. அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும், இரவிலும் எழ வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆபீஸ் நாள் மூன்றும் ஒருவருக்குத் திங்கள், செவ்வாய், புதன், இன்னொருவருக்குப் புதன், வியாழன், வெள்ளி என்று அமைந்தால் வீடு காலியாக இருப்பது புதன் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ, எதிர் ஃப்ளாட்டில் ஓய்வுபெற்ற ஒருவரோ, காசு வாங்கிக்கொண்டு நாயை நடத்திக் கூட்டிப்போகும் பையனோ கிடைத்தால் போதும். மேனேஜர் நாளை மாற்றித் தருவாரா என்று முதலில் கேளுங்கள். எந்த இன நாய் என்பதைவிட இதற்கு வரும் பதில் முக்கியம். "இப்போ மூணு நாள், அடுத்த காலாண்டிலிருந்து அஞ்சு நாள்" என்று கம்பெனி மாற்றினால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்று நம்பி வாங்கிய நாய்களில் பல, ஆபீஸ் திறந்ததும் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. அதுவாவது பரவாயில்லை. சில தெருவுக்கு வந்தன.

நாய் வருவதற்கு முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடை. இரவு எட்டரைக்கு இன்னொரு அரை மணி நேரம். மழை, தலைவலி, ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நாள் எதற்கும் விலக்கு இல்லை. நாயில்லாமல் சும்மா நடப்பது அசட்டுத்தனமாகத் தோன்றும், நடங்கள். மாதம் முழுக்க முடிந்தால் உங்கள் வீட்டில் நாய்க்கு இடம் இருக்கிறது. இரண்டாவது வாரமே நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, உடம்புக்குக் கொஞ்சம் நல்லதுதான்.

வேலை பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு சந்தேகம். இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க ஆட்களோடு ஃபோன் கால், அதற்கு நடுவில் சாப்பாடு, படுக்கையிலும் லேப்டாப் என்கிறீர்கள். "நாய் வந்தால் அதற்காகவாவது சீக்கிரம் கிளம்புவேன்" என்று நினைக்கிறீர்கள் போல. சிலருக்கு அது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆபீஸில் முடியாது என்று சொல்லத் தெரியாதவர் வீட்டில் நாயிடமும் மனைவியிடமும்தான் முடியாது என்று சொல்வார். வாரத்தில் இரண்டு இரவாவது எட்டு மணிக்கு மேல் கால் எடுப்பதில்லை என்று முதலில் டீமில் சொல்லிப் பாருங்கள். வானம் இடிந்து விழாது. அந்த இரண்டு இரவுகள் கைக்கு வந்த பிறகு நாயைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, ஹஸ்கி. வேண்டாம். சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க உருவான நாய் அது, உடம்பில் இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னையின் மே மாதத்தில், ஈரப்பதம் நிறைந்த காற்றில், அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. நாள் முழுக்க ஏ.சி. போடுவேன் என்பவர்கள் கரண்ட் போகும் நாளை நினைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அது ஓடப் பிறந்த நாய். ஏ.சி. அறையில் பூட்டி வைத்தால் சோபா பஞ்சாகும், ஊளை நான்கு மாடிக்கும் கேட்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். மூச்சு விடுவதே கஷ்டமாக இருக்கும் பிராணிக்கு நம் வெயில் தண்டனை. அது குறட்டை விடுவதை அழகு என்று வீடியோ எடுக்கிறார்கள், எனக்குப் பார்க்கவே பிடிப்பதில்லை.

லாப்ரடார் நல்ல சுபாவம். ஆனால் கொடுத்ததையெல்லாம் சாப்பிடும், சீக்கிரம் குண்டாகும், இடுப்பு மூட்டுப் பிரச்சினை அந்த இனத்திலேயே அதிகம். நடத்தாமல் ஃப்ளாட்டில் வைத்திருக்கும் லாப்கள் நான்கு வயதிலேயே மாடிப்படி ஏற முடியாமல் நிற்பதைப் பார்க்கலாம். பீகிள் சின்னதாக இருக்கிறதே என்று வாங்குவார்கள். முயல் வேட்டைக்கு வளர்த்த இனம் அது, குரல் கொடுப்பதுதான் அதன் தொழில். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் தினமும் வரும்.

நம் ஊர் இனங்களைப் பற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பார்க்க ராஜாதான். ஆனால் வீட்டு ஆட்களிடம் மட்டும் ஒட்டும், அந்நியரை எளிதில் சேர்க்காது. டெலிவரி ஆட்கள் நாளெல்லாம் வந்துபோகும் ஃப்ளாட்டுக்கும், முதல்முறை நாய் வளர்ப்பவருக்கும் பொருந்தாது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து காது கேளாமையும் அந்த இனத்தில் வரும். யாராவது குட்டி கொடுத்தால் அதன் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று. கோம்பையும் காவலுக்குப் பேர்போனது, அது தோட்டமும் தோப்பும் இருக்கும் இடத்து நாய்.

சிப்பிப்பாறை, கன்னி என்ற இரண்டு இனங்களும் வேறு ரகம். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் காட்டில் முயலைத் துரத்த வளர்த்தவை. ஒல்லி உடம்பு, குட்டை முடி, வெயில் தாங்கும், வீட்டுக்குள் ஆச்சரியப்படும்படி அமைதியாகச் சுருண்டு கிடக்கும். ஆனால் தினமும் அவிழ்த்துவிட்டு ஓடவைக்க வேலி போட்ட ஒரு இடம் வேண்டும், ஓ.எம்.ஆரில் அது எங்கே கிடைக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு அணிலைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. தலை கழுத்தைவிடப் பெரிதாக இல்லாததால் சாதாரண பெல்ட்டை ஒரு நொடியில் உருவிவிட்டு ஓடிவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட்தான் இவற்றுக்குச் சரி.

என் பரிந்துரை, ஒன்றரை இரண்டு வயதான, கருத்தடை செய்யப்பட்ட நாட்டு நாய். தெருநாய் என்று முகம் சுளிக்காதீர்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த உடம்பு, குட்டை முடி, நடுத்தர எடை, புத்தி கூர்மை. நல்ல கவனிப்பில் பன்னிரண்டு, பதினைந்து வருஷம்கூட இருக்கும். குட்டியைவிட வளர்ந்த நாயில் பெரிய வசதி, என்ன கிடைக்கப்போகிறது என்று முன்பே தெரியும். எவ்வளவு பெரிசாகும், குழந்தைகளைக் கண்டால் என்ன செய்யும், லிஃப்டுக்குப் பயப்படுமா, தனியாக விட்டால் குரைக்குமா எல்லாம் பார்த்துவிட்டு எடுக்கலாம். இரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியதில்லை, செருப்பைக் கடித்துக் குதறும் பருவமும் தாண்டியிருக்கும். சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்குகள் நல அமைப்பு கிண்டியில் இருக்கிறது, சின்னச் சின்னத் தன்னார்வக் குழுக்களும் நிறைய. போன முதல் நாளே கூட்டிவராதீர்கள். மூன்று நான்கு சனிக்கிழமை இருவரும் போய், ஒரே நாயோடு நேரம் செலவழித்துப் பாருங்கள். எந்த நாய் என்று மனைவி முடிவு செய்யட்டும்.

அப்படியும் குட்டிதான் வேண்டும், வாங்கத்தான் போகிறேன் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாயைக் காட்ட மறுப்பவரிடமும், பஸ் ஸ்டாண்டில் பையோடு வந்து குட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவரிடமும் வாங்காதீர்கள். அந்தக் குட்டிகளில்தான் பார்வோ என்ற வைரஸ் நோய் அதிகம் வரும். ரத்தம் கலந்த பேதி, வாந்தி, சில நாளில் உயிரே போய்விடும்.

ஆரோக்கியம் பற்றிக் கொஞ்சம் நிறைய எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் நாய்கள் சாவது வயதானதால் மட்டும் அல்ல. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பு எல்லாம் அதில் அடக்கம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரைக்கும் தொடர வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் எழுதிக்கொடுக்கும் தேதிப்படி வருஷா வருஷம். ஊசிக் கணக்கு முடியும்வரை குட்டியைத் தெருவில் தரையில் விடாதீர்கள். அதே சமயம் பெட்டிக்குள்ளும் பூட்டி வைக்காதீர்கள். மூன்றாவது மாதம் வரைக்கும் அது பார்க்கும் மனிதர்கள், கேட்கும் ஹார்ன், குக்கர் விசில் எல்லாம்தான் அதன் உலகம். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உண்ணியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குளிப்பாட்டினால் போகும் என்பது தப்புக் கணக்கு. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்திலும் மிதியடிக்கு அடியிலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ மாத்திரை இருக்கிறது, கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது. எடையைப் பார்த்து டாக்டர் சொல்வதைக் கொடுங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சல் வந்தால் நாய் முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். "வெயிலுக்குச் சாப்பிடல" என்று இரண்டு நாள் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலே ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்புங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாத நாளில் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ வேறு வலி மாத்திரையையோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும் அளவுதானே என்று பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது விஷம்.

ரேபிஸ் விஷயத்தில் வீட்டு நாயோ தெரு நாயோ, கடித்தாலும் பல் பட்டுக் கீறினாலும் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

பெண் நாய் என்றால் கருத்தடை அவசியம். செய்யாவிட்டால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், தெருவின் ஆண் நாய்களெல்லாம் உங்கள் கேட்டில்தான். வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து வேறு.

சாப்பாடு எளிது. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், சதை வைக்காது. கோழி, முட்டை, கொஞ்சம் சாதம், வேகவைத்த கேரட், பூசணி என்று போதும். அல்லது கடையில் விற்கும் உலர் உணவு, இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 முதல் 300 கிராம். விலையை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. அதாவது நம் வீட்டுச் சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் ஆகாது. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

அசோசியேஷன் பற்றிப் பயப்படுகிறீர்கள். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் வீடு வாடகை. வீட்டுக்காரரிடம் முன்பே பேசி ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உரிமமும் எடுக்க வேண்டும், ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக லிஃப்டில் பயந்து ஒதுங்கும் பாட்டியின் மேல் நாயை விடாதீர்கள், அடுத்த லிஃப்டில் போங்கள். கையில் எப்போதும் பழைய செய்தித்தாளும் பையும் இருக்கட்டும். பாதிச் சண்டை அந்தப் பையிலேயே தீர்ந்துவிடும்.

ஹாபிக்கு வருகிறேன். கிடார், ஓவியம், மாடித் தோட்டம் என்று எல்லாம் மூன்று மாதத்தில் நின்றது என்கிறீர்கள். மூன்றையும் இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறந்துதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். பார்வையாளர் எண்ணிக்கை வந்தவுடன் அதுவும் இன்னொரு டார்கெட்தானே? நாய்க்கும் பக்கம் திறக்கப் போகிறேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். தொப்பி மாட்டி, கண்ணாடி மாட்டி, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி எடுக்கும் வீடியோவில் நாய்க்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒன்றை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரை வரும். ஒரு சுமாரான பைனாகுலர் இருந்தால் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். நாயோடுதான் நேரம் போக வேண்டும் என்றால் காப்பகங்களில் வார இறுதியில் நாய்களை நடத்திப்போக ஆள் தேவைப்படும். அல்லது தத்துப் போகும்வரை ஒரு நாயைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் நிலைமைக்கு இது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஒட்டினால் அது உங்கள் நாய், ஒட்டாவிட்டால் அதற்கு இன்னொரு வீடு கிடைக்கும் வரை ஒரு கூரை கொடுத்தீர்கள்.

கடைசியாக, எந்த மாதம் கூட்டிவருவது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வேண்டாம். புது வீட்டுக்கு வந்த நாய் வெடிச் சத்தத்தில் மிரண்டு கதவு திறந்த நொடியில் ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் அதுவும் முடியட்டும். ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் முழு கூப்பேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வண்டியில் கூண்டு. பண்டிகை நேரத்தில் கூப்பே கிடைப்பது குதிரைக்கொம்பு. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளிலும் அந்த வாரம் ஒரு மாதம் முன்பே இடம் நிரம்பிவிடும். தை பிறந்து, ஊர் போய்வந்து, ஒரு வெள்ளியும் திங்களும் இருவரும் லீவு போட்டு அந்த நான்கு நாளும் வீட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாளில் விருந்தாளி யாரையும் கூப்பிட வேண்டாம். முதல் இரண்டு நாள் அது சரியாகச் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கலாம், பிடித்து வெளியே இழுக்காதீர்கள். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.